பட்டம் மாறும்போதெல்லாம் பிடிக்கும் குறுக்கு: சேர்வராயன் அடிவாரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பருவத்துக்குப் பருவம் முதுகைக் காப்பது எப்படி என்று தேடினால் பனியை எப்படி அள்ளுவது, உதிர்ந்த இலையை எப்படி வாருவது என்றெல்லாம் வருகிறது. சேலத்துக்காரருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? இங்கே பருவம் என்றால் காபிப் பழம், மிளகு, மாம்பழப் பெட்டி, ஆடிக் கூழ், கடலைச்செடி, குச்சிக்கிழங்கு. நான் சேலத்தில் பிசியோதெரபி செய்கிறவன். ஒரு பெண்ணின் குறுக்கு வலியை ஒரு தை மாதத்திலிருந்து அடுத்த தை வரை கூடவே இருந்து பார்த்ததில் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். பெயர் வேண்டாம், அடையாளம் தெரிந்துவிடக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு 44 வயது. குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறுகிற ரோட்டுப் பக்கம் ஊர். ஒரு ஏக்கருக்கும் குறைவான மானாவாரி நிலம், கட்டட வேலைக்குப் போகும் கணவர், கல்லூரியில் படிக்கும் மகன். கார்த்திகையிலிருந்து தை முடியும்வரை மலைமேல் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கப் போவார். மாசி பங்குனியில் அதே எஸ்டேட்டில் மிளகு. சித்திரை பிறந்துவிட்டால் வலசையூர், அயோத்தியாப்பட்டினம் பக்கத்துத் தோப்புகளில் மாம்பழம் தரம் பிரித்துப் பெட்டி நிரப்பும் வேலை. ஆடிப் பட்டத்தில் சொந்த நிலத்தில் கடலை விதைப்பு, பிறகு களை, நடுவில் மாரியம்மன் பண்டிகை. ஐப்பசியில் கடலை பிடுங்கல், தீபாவளிக்கு வீடு கழுவல். யாராவது ஆள் கூப்பிட்டால் இடையிடையே குச்சிக்கிழங்கு பிடுங்கவும் போவார். இது போக தினமும் வீட்டு வேலை. அதை யாரும் வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை, கேட்டபோது அவரும் சேர்த்துச் சொல்லவில்லை.

வந்தது பிப்ரவரி இரண்டாம் வாரத்தில். கணவரின் தோளைப் பிடித்தபடி, உடம்பு இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. "குறுக்கு புடிச்சுக்குச்சுங்க சார், மூணு வாரமாச்சு. கால்ல கரண்டு அடிக்கிற மாதிரி எறங்குதுங்க" என்றார். வலி வலது இடுப்பில் தொடங்கி, பிட்டம், தொடையின் பின்பக்கம், கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வழியாகப் பாதத்தின் மேல்புறம் வரை இறங்கியது. இருமினால், தும்மினால் கூடும். உட்கார்ந்தால் மோசம், நடந்தால் கொஞ்சம் பரவாயில்லை. முதலில் ஊரில் சுளுக்கு வழிப்பவரிடம் போயிருக்கிறார், அதற்கப்புறம் ஸ்கேன் எடுத்திருக்கிறார். அங்கே யாரோ "ஜவ்வு விலகிடுச்சு, இனிமே குனியவே கூடாது, வெயிட் தூக்கவே கூடாது, இல்லன்னா கால் போயிடும்" என்று சொல்லி ஒரு பெல்ட்டையும் மாட்டி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரமும் படுக்கைதான். காலை விட அந்த வார்த்தைதான் அவரை அதிகம் முடக்கியிருந்தது என்று எனக்குப் பட்டது. தரையில் கிடந்த செருப்பை எடுக்கக்கூடக் கணவரைக் கூப்பிட்டார்.

எதற்கும் முன்னால் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். சிறுநீர் அடைக்கிறதா, தெரியாமல் போய்விடுகிறதா, மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா. உட்காரும் இடத்தில், தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போனதா. இரண்டு காலும் ஒருசேர பலம் குறைகிறதா. இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உடற்பயிற்சி, எண்ணெய், ஒத்தடம் எதுவும் கிடையாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நரம்புக் கொத்து நசுங்குகிற அந்த நிலையில் நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்ததா, படுத்தாலும் ராத்திரி முழுக்க விடாத வலியா என்றும் கேட்டேன். நம் ஊரில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது, அதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் ஜவ்வு என்று எழுதிவிடக்கூடாது. இவருக்கு எதுவும் இல்லை.

சோதனையில், மல்லாக்கப் படுத்து முட்டியை மடக்காமல் வலது காலைத் தூக்கினால் 40 டிகிரியிலேயே கால் முழுக்க வலி இறங்கியது. வலது பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி நான் அழுத்தினால் தாக்குப்பிடிக்கவில்லை. பாதத்தின் மேல்புறம் கொஞ்சம் மரத்திருந்தது. முட்டியிலும் குதிகாலிலும் தட்டினால் கால் தானாகத் துள்ளுகிற அனிச்சைகள் சரியாக இருந்தன. அவர் கொண்டுவந்த எம்.ஆர்.ஐ.யில் இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு நடுவில் (எல்4–எல்5) மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க், அதாவது ஊரில் ஜவ்வு என்பது, வலது பக்கமாகப் பிதுங்கி அங்கே இறங்குகிற எல்5 நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சோதனையும் படமும் ஒன்றுக்கொன்று பொருந்தின. அதே படத்தில் இன்னும் இரண்டு இடத்தில் தேய்மானம், லேசான பிதுக்கம் என்று எழுதியிருந்ததைத்தான் அவர் அதிகம் பயந்து பயந்து காட்டினார். முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து 1994-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் உப்பியிருந்தது, எல்லா டிஸ்க்கும் சுத்தமாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். இந்தக் கணக்கை அவரிடம் சொன்னபோது கணவர் சிரித்துவிட்டு, "அப்ப எனக்கும் இருக்குமுங்களா?" என்றார். இருக்கலாம்.

இதுவரை எந்தக் கிளினிக்கிலும் தினமும் பார்க்கிற கேஸ்தான். எப்போதிலிருந்து வலி என்று கேட்டதற்கு "வருஷம் பூராவும்தாங்க" என்றார். இப்படிச் சொல்பவர்களிடம் நான் தேதி கேட்பேன். பெரும்பாலும் கிடைக்காது, இவரிடம் கிடைத்தது. கூலிக்குப் போன நாளையெல்லாம் எழுதி வைக்கிற ஒரு நோட்டு இருந்தது, மேஸ்திரி கணக்கில் ஏமாந்துவிடக்கூடாது என்பதற்காக. அடுத்த முறை வரும்போது அதைக் கொண்டுவரச் சொல்லி, முந்தைய இரண்டு வருஷத்தில் உடம்பு சரியில்லாமல் போகாத நாட்களை மட்டும் ஒரு தினசரி காலண்டரில் வட்டம் போட்டோம்.

வட்டங்கள் வருஷம் பூராவும் பரவியிருக்கவில்லை. கார்த்திகையில் பறிப்பு தொடங்கிய முதல் பத்து நாளுக்குள் ஒரு கொத்து, தை பாதியில் ஒன்று, சித்திரையில் தோப்புக்குப் போன முதல் வாரத்தில் ஒன்று, ஆடியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. இரண்டு வருஷமும் ஏறக்குறைய அதே இடங்கள். மார்கழி நடுவில் காபி உச்சத்தில் இருக்கும்போது, வைகாசியில் மாம்பழம் கொட்டுகிறபோது, அதாவது ஆண்டிலேயே மிகக் கடினமாக உழைத்த நாட்களில் வட்டமே இல்லை. வேலையின் கனம் மட்டும்தான் காரணம் என்றால் இது நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். ஒரு நோட்டை வைத்துப் பெரிய முடிவுக்கு வரமுடியாது என்று எனக்கும் தெரியும், நாள் போகாததற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அவரிடம் ஒவ்வொரு கொத்தையும் காட்டிக் கேட்டபோது, "ஆமாங்க, அப்பதான் புதுசா அந்த வேலைக்குப் போயிருந்தேன்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்.

தசையும் தசைநாரும் டிஸ்க்கும் சுமைக்குப் பழகக்கூடியவை, அதற்குக் குறைந்தது சில வாரமாவது வேண்டும். காபி பறிக்கிற முதுகுக்கு, கையை மேலே தூக்கிக் கிளையை வளைப்பது பழகியிருக்கும். அதே முதுகை மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தரையில் குனிய வைத்தால் அது வேறு வேலை, வேறு இடத்தில் இழுக்கும். நம் ஆட்கள் வேலை மாறுவதை ஓய்வு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். கூலிக்காரர்களுக்கு இன்னொரு கஷ்டம், முதல் நாளே முழு ஆளாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் கூப்பிடமாட்டார்கள்.

தை மாதத்து நிகழ்வையே எடுத்துக்கொள்வோம். பொங்கலுக்கு முன்னால் வீடு வெள்ளையடித்துப் பாத்திரம் எல்லாம் இறக்கிக் கழுவியிருக்கிறார். பிறகு பொங்கல், மாட்டுப் பொங்கல் என்று சில நாள் லீவு. திரும்ப எஸ்டேட்டுக்குப் போனபோது செடியில் பழம் முடிந்துவிட்டிருந்தது. கடைசிச் சுற்று என்பது மிச்சப் பழத்தை உருவுவதும், கீழே உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்குவதும்தான். உதிர்ந்ததை விட்டுவைத்தால் காய்த்துளைப்பான் வண்டு அதிலேயே தங்கி அடுத்த வருஷக் காயில் ஏறிவிடும், அதனால் ஒன்று விடாமல் பொறுக்கச் சொல்வார்கள். சரிவில் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே, இடுப்பில் கட்டிய பை முன்னால் தொங்க, நாள் முழுக்கக் குனிவு. மூன்றாம் நாள் சாயங்காலம் சாக்கைத் தலைக்கு ஏற்றியபோது லேசாக ஒரு பிடிப்பு. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேனில் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக்கொண்டு இறங்கி, சமைத்துப் படுத்து, மறுநாள் விடிகாலை எழுந்து வாசலைப் பெருக்கக் குனிந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

ஊரில் எல்லோரும் "தொடப்பம் எடுக்கக் குனிஞ்சா, புடிச்சுக்குச்சு" என்றுதான் சொல்கிறார்கள். துடைப்பத்தின் மேல் பழி போடுவது சுலபம். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது, அதனால்தான் காலையில் நாம் சாயங்காலத்தைவிட ஒன்றரை சென்டிமீட்டர் போல உயரமாக இருக்கிறோம். உப்பிய டிஸ்க்கை எழுந்தவுடன் முழுசாக வளைத்தால் அதன் மேல் விழுகிற இழுவிசை பகலில் விழுவதைவிடப் பல மடங்கு அதிகம். 1998-ல் வெளியான ஓர் ஆய்வில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்களுக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: காலையில் எழுந்த முதல் சில மணி நேரம் குனிவதைத் தவிர்க்க வேண்டும். அதற்கே வலி குறைந்தது. நம் வீடுகளில் பெண்களின் நாள் தொடங்குவதே குனிவில்தான்: பெருக்கு, தெளி, கோலம் போடு. மார்கழி என்றால் கேட்கவே வேண்டாம், இருட்டோடு எழுந்து அரை மணி நேரத்துக்கு இடுப்பை மடித்துக் கோலம். மலையடிவாரக் குளிரில் உடம்பு விறைத்திருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர் நேரடியாக டிஸ்க்கைக் கெடுப்பதில்லை, ஆனால் விறைப்பாக இருக்கிற உடம்பு மெதுவாக வளையாமல் வெடுக்கென்று வளைகிறது.

அதனால் முதலில் மாற்றியது அவருடைய காலை வரிசையை. எழுந்ததும் அடுப்பைப் பற்றவைப்பது, பால் காய்ச்சுவது, தண்ணீர் பிடிப்பது என்று நின்று செய்கிற வேலைகள் முன்னால் வந்தன. வாசல் பின்னால் போனது. நின்றபடி பெருக்க நீளக் கைப்பிடித் துடைப்பம் வாங்கச் சொன்னேன். கோலத்தை இடுப்பை மடித்துப் போடாமல் குந்தி உட்கார்ந்து போடச் சொன்னேன், அவருக்கு முட்டி நன்றாக இருந்ததால். மாமியார் வாசல் தெளிக்க நேரமாகிறதே என்று முதல் வாரம் முணுமுணுத்திருக்கிறார். மருமகளுக்கு ஆபரேஷன் என்றால் எவ்வளவு ஆகும் என்று கணவர் கணக்குச் சொன்னதும் நின்றுவிட்டது.

சிகிச்சை என்று பெரிதாக எதுவும் இல்லை. படுக்கையை விட்டு எழுப்பி, பெல்ட்டைக் கழற்றவைத்தேன். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட்டும், இழுவைச் சிகிச்சையும் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. இவருக்கு வலி நாள்பட்டதாக ஆகியிருக்கவில்லை, இருந்தாலும் பெல்ட்டோடு பயமும் ஒட்டிக்கொண்டிருந்தது. குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மெதுவாக மார்பைத் தூக்குவது அவருக்கு ஒத்துவந்தது. சில நாளில் பாதத்து வலி கெண்டைக்காலுக்கு ஏறி, பிறகு தொடையோடு நின்றது. இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் காலில் இருந்து மேலே ஏறுகிறது என்றால் அது நல்ல அறிகுறி, இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் ஆட்கள் பயந்து நிறுத்திவிடுவார்கள். கூடவே நடை, முதலில் தெருமுனை வரை, அப்புறம் ரோடு வரை. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை முதல் இரண்டு வாரம் போட்டார். ஆறு வாரத்தில் கால் வலி போய்விட்டது. பிதுங்கிய டிஸ்க்கில் பெரும்பாலானவை தானாகவே சுருங்கும் என்பது சிகிச்சை அளிப்பவர்கள் கொஞ்சம் அடக்கமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய உண்மை.

அடுத்தது சுமை. இனி வெயிட்டே தூக்கக்கூடாது என்று கூலிக்காரரிடம் சொல்வது பட்டினி கிட என்று சொல்வதுதான். அதனால் தூக்கப் பழக்கினோம், தண்ணீரை வைத்து. ஒரு லிட்டர் ஒரு கிலோ, இதைவிடச் சரியான எடைக்கல் எந்த வீட்டிலும் இல்லை. ஐந்து லிட்டர் கேனில் ஆரம்பித்து, வாரத்துக்கு இரண்டு மூன்று லிட்டராகக் குடத்தில் கூட்டிக்கொண்டு போனார். பாதங்களை அகட்டி, பிட்டத்தைப் பின்னால் தள்ளி, முட்டியை மடக்கி, குடத்தை உடம்போடு ஒட்டி எடுப்பது. ஒட்டி எடுப்பதுதான் இதில் முக்கியம். 1999-ல் ஜெர்மனியில் ஓர் ஆளின் டிஸ்க்குக்குள்ளேயே கருவி வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். நிமிர்ந்து நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு), 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3, முட்டியை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே 20 கிலோவை மார்போடு அணைத்து நின்றால் 1.1, அறுபது சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 1.8. ஒரே ஓர் ஆளிடம் எடுத்த அளவு என்பதால் எண்ணை அப்படியே எல்லோருக்கும் பொருத்த வேண்டாம், ஆனால் போக்கு தெளிவாக இருக்கிறது: முட்டியை மடக்குவது உதவுகிறது, அதற்கு இணையாக உதவுவது சுமையை உடம்பை விட்டு விலகவிடாமல் இருப்பது.

மிளகு அந்த வருஷம் அவருக்குத் தவறிவிட்டது. நஷ்டம்தான், ஆனால் ஏணியில் ஏறுவது ஆண்கள், பெண்களுக்குக் கீழே உட்கார்ந்து உதிர்த்துக் காயவைக்கிற வேலை, அந்த உட்காரும் வேலைதான் அப்போது அவருக்கு மிக மோசமானது.

மாம்பழம் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போதே அதற்குத் தயாரானோம். தோப்பில் அவர் வேலை என்ன என்று நடித்துக் காட்டச் சொன்னேன். தரையில் கொட்டிக் கிடக்கிற குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து காயைத் தரம் பிரித்துப் போடுகிறார், பெட்டி நிரம்பியதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பி, இடுப்பை முறுக்கி, பக்கவாட்டில் தள்ளுகிறார், பிறகு எழுந்து அதைத் தூக்கி அடுக்குகிறார். நிரம்பிய பிளாஸ்டிக் பெட்டி 20 கிலோவுக்குக் குறையாது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்புக் கணக்கில் எல்லாம் வசதியாக இருந்தால், அதாவது இடுப்பு உயரத்தில், உடம்பை ஒட்டி, முறுக்காமல், எப்போதாவது தூக்குவதாக இருந்தால் 23 கிலோ வரை சரி என்கிறார்கள். தரையிலிருந்து, முறுக்கி, நிமிஷத்துக்கு ஒன்று என்றால் அந்த அளவு பாதிக்கும் கீழே போய்விடும். தோப்பில் வசதியாக இருக்கிற ஒன்றே ஒன்று நிழல்.

நீண்ட நேரம் கூன்போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்த உடனே தூக்குவது இன்னொரு ஆபத்து. இருபது நிமிஷம் முழுசாக வளைந்திருந்தால் முதுகின் பின்பக்கத் தசைநார்கள் தளர்ந்துவிடுகின்றன, நிமிர்ந்த இரண்டு நிமிஷத்தில் பாதி மீளும், மீதிக்கு அரை மணி நேரம்கூடப் போதாது. அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். எழுந்தால் முதலில் தண்ணீர்ப் பானை வரை நடந்து ஒரு வாய் குடித்துவிட்டு வந்துதான் பெட்டியைத் தொட வேண்டும். மலையிலிருந்து வேனில் இறங்குகிறவர்களுக்கும், மோட்டார் சைக்கிளில் சேலம் லீ பஜார் சந்தைக்கு மூட்டை ஏற்றி வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன், இறங்கியவுடன் மூட்டையில் கை வைக்காதீர்கள். தோப்பில் அவர் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் இன்னொரு பெட்டியை வைத்து நிரப்பினார். நிரம்பியதும் தரையிலிருந்து தூக்க வேண்டியதில்லை, முட்டி உயரத்திலேயே இருக்கிறது. இரண்டு நாளில் கூட இருந்த பெண்களும் அப்படியே செய்ய ஆரம்பித்துவிட்டார்களாம். முதல் வாரம் தரம் பிரிப்பது மட்டும், இரண்டாம் வாரம் இருவராகப் பெட்டி தூக்குவது, மூன்றாம் வாரத்தில்தான் தனியாக. அந்தச் சித்திரையில் நோட்டில் வட்டம் விழவில்லை. நடையையும் விடவில்லை. முதுகுவலியிலிருந்து தேறிய 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், நடைப்பயிற்சிக்குப் பழக்கப்பட்டவர்களுக்கு வலி திரும்ப வர 208 நாள் பிடித்தது, மற்றவர்களுக்கு 112 நாள். செலவில்லாத மருந்து என்பதால்தானோ என்னவோ யாரும் அதைப் பெரிதாக மதிப்பதில்லை.

ஆடி வந்தால் சேலம் வேறு ஊர். கோட்டை மாரியம்மன் தொடங்கிச் சுற்றுவட்டாரமே பண்டிகையில் இருக்கும். அந்த மாசத்தில் என்னிடம் வருகிறவர்களில் களை வெட்டியவர்களும் உண்டு, கூழ் அண்டாவை இறக்கியவர்களும் உண்டு, சேலம் குகைப் பகுதியில் நடக்கிற வண்டி வேடிக்கை ஊர்வலத்தில் சாமி வேஷம் கட்டி அசையாமல் மணிக்கணக்கில் நின்றவர்களும் உண்டு. அசையாமல் நிற்பதும் சுமைதான் என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. இவருக்கு ஆடியின் பிரச்சினை இரண்டு வேலை ஒரே வாரத்தில் விழுவது. பகலில் குட்டைக் களைக்கொத்தோடு குனிவு, சாயங்காலம் கோயிலுக்குக் கூழ். களைக்கு நீளக் காம்பு போட்ட கொத்து வாங்கினார். மேட்டு நிலத்தில் வரிசையாக விதைத்திருந்ததால் அது சாத்தியமானது, நெருக்கி விதைத்த இடத்தில் முடியாது, அங்கே ஒரு முட்டியைத் தரையில் ஊன்றிச் செய்தார். அண்டாவை இரண்டு பேர் வளையத்தில் கம்பு கொடுத்துத் தூக்கினார்கள். பால்குடம் எடுப்பேன் என்று வேண்டியிருந்தார், எடுக்கட்டுமா என்று தயங்கிக் கேட்டார். தாராளமாக எடுக்கலாம் என்றேன். நிமிர்ந்த உடம்பில் தலைச்சுமை இடுப்பை அவ்வளவாக வளைப்பதில்லை. ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் ஆபத்து, சும்மாட்டை ஒழுங்காக வைத்து யாராவது ஏற்றிவிட்டால் சரி.

ஐப்பசியில் திரும்ப வந்துவிட்டது. இந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கிற பகுதி இது. விடாத மழையில் சில நாள் வேலையே இல்லை. வெறித்ததும் கடலை முளைவிட்டுவிடும் என்று அவசர அவசரமாகப் பிடுங்கினார்கள், கூடவே தீபாவளி நெருங்கியதால் ராத்திரியில் பரணிலிருந்து பித்தளைப் பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். சும்மா இருந்த முதுகுக்கு இரண்டே நாளில் இரட்டை வேலை. மறுநாள் காலை இடுப்பு பிடித்துக்கொண்டது, தொடை வரை லேசான இழுப்பு. போனில், "மறுபடியும் ஜவ்வு நகந்துடுச்சுங்களா சார்?" என்று அழுதுவிட்டார். ஆபத்து அறிகுறிகளைப் போனிலேயே கேட்டேன், மறுநாள் வரச்சொல்லிப் பார்த்தேன். பெருவிரல் பலம் குறையவில்லை, கால் தூக்கும் சோதனையில் முன்பு இருந்த கடுமை இல்லை. படுக்க வேண்டாம், நடங்கள், குப்புறப் படுக்கும் பயிற்சிக்குத் திரும்புங்கள் என்றேன். தீபாவளிக்கு முன்பே தேறிவிட்டார். முதல் முறை மூன்று வாரம் படுக்கையில் கிடந்தவர் இந்த முறை ஒரு நாள்கூடச் சமையலை விடவில்லை.

குச்சிக்கிழங்கு பற்றி ஒரு வார்த்தை. பிடுங்கும்போது மண் இறுகியிருந்தால் ஆள் தண்டைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து வெடுக்கென்று இழுக்கிறார், கிழங்கு திடீரென விடுபடுகிறது, முதுகுக்கு ஒரே நொடியில் சுமை கழன்றுவிடுகிறது. இப்படிப் பிடித்துக்கொண்டு வந்த திடகாத்திரமான ஆண்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். தண்டில் கயிறு கட்டிக் கம்பு கொடுத்து நெம்பினால் அதைவிடக் குறைந்த பலம் போதும். இவரை அந்த வேலைக்குப் போகவேண்டாம் என்று சொன்னேன். நான் வேண்டாம் என்று சொன்ன ஒரே வேலை அதுதான்.

கார்த்திகையில் மறுபடி காபி. இங்கேதான் திட்டம் முழுசாக நடக்கவில்லை. பறிப்புக்குக் கூலி கிலோக் கணக்கு. முதல் வாரம் பாதி அளவோடு நிறுத்துங்கள் என்று நான் சொல்வது, பாதிக் கூலி வாங்குங்கள் என்று சொல்வதுதான், அதை என் மேஜையிலிருந்து சொல்வது சுலபம். பேசிப் பேசி வேறு வழிக்கு வந்தோம். பறிப்பு முழுசாக இருக்கட்டும், சுமப்பதைக் குறைப்போம். இடுப்புப் பை நிரம்பும்வரை காத்திருக்காமல் பாதியிலேயே சாக்கில் கொட்டுவது. சாக்கை வாய் வரை நிரப்பாமல் முக்காலுக்கு நிறுத்திக் கூடுதலாக ஒரு நடை நடப்பது. சரிவில் ஒரு வரிசை இடது கால் மேலே, அடுத்த வரிசை வலது கால் மேலே என்று பக்கம் மாற்றிக்கொள்வது. எட்டாத கிளையை எக்கி இழுக்காமல் கொக்கியால் வளைப்பது. கூடுதல் நடைக்கு மேஸ்திரி முதலில் முகம் சுளித்தாராம், எடை போடும்போது கிலோ குறையவில்லை என்று பார்த்ததும் விட்டுவிட்டார். ஆனால் பொங்கலுக்குப் பிறகு உதிர்ந்த பழம் பொறுக்கும் கடைசிச் சுற்றுக்கு எங்களிடம் நல்ல விடை இல்லை. குந்தியும் முட்டி ஊன்றியும் மாறி மாறிச் செய்தார், அரை மணிக்கு ஒரு முறை நிமிர்ந்து கையை இடுப்பில் ஊன்றிப் பின்னால் வளைந்தார், முதல் இரண்டு நாள் காலையோடு திரும்பிவிட்டார். அந்த அரை நாள் கூலியை வீடு ஏற்றுக்கொண்டது. எல்லா வீடும் ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருக்காது.

கடைசியாக அவரைப் பார்த்தது இந்தத் தை முடிவில். நோட்டில் ஒரு வருஷத்துக்கு ஐப்பசி வட்டம் மட்டும்தான். வலது காலை 75 டிகிரி வரை வலியில்லாமல் தூக்க முடிகிறது. பாதத்து மரப்பு போய்விட்டது. பெருவிரல் பலம் இன்னும் இடதுக்குச் சமமாகவில்லை, நரம்பு மீள நாள் எடுக்கும், சித்திரைக்கு முன்னால் மறுபடி சோதிக்க வரச்சொல்லியிருக்கிறேன். மிளகுக்குப் போகலாமா என்று கேட்டார். மணைப் பலகை போட்டு உட்காருவதாக இருந்தால் போகலாம், முதல் வாரம் மதியத்தோடு என்றேன். மணை வீட்டிலேயே இருக்கிறது என்றார், மதியத்தோடு என்பதற்குப் பதில் சொல்லவில்லை.